கூட்டல் குறி

மாதகல் கரையில் எங்கள் கிடங்கு
ஐந்து மீற்றருக்கு ஐந்து மீற்றர்.
நூல் கட்டி மட்டம் பார்த்து
ஒரு நாளைக்கு நாலு விரற்கடை இறங்குகிறோம்.
அகழ்கிறவர்கள் மற்றவர்கள்.
நான் ஓடு கழுவுகிறவள்.
தேய்ந்த பல்துலக்கி ஒன்று, வாளி இரண்டு,
இலக்கம் எழுதி முடித்தவற்றுக்கு
ஒரு விசுக்கோத்துப் பேணி.

வியாழக்கிழமை, நாலாம் அடுக்கில்,
கறுப்பும் சிவப்புமாய் ஒரு துண்டு.
சேறு கரையக் கரைய
அதன் தோளில் இரண்டு கீறல்:
ஒன்று நெடுக்கு, ஒன்று குறுக்கு.

செய்தி என்னை முந்திக் கோயிலடிக்குப் போய்விட்டது.
உபதேசியார் மடுத்தீன்
சைக்கிளை வடலியில் சாத்திவிட்டுச்
செருப்பைக் கழற்றினார்.
கிடங்கடியில் யாரும் செருப்புக் கழற்றுவதில்லை.
"பிள்ளை, உது சிலுவை எல்லே?"

எழுத்துப் படித்த பிரணவன் சொன்னான்:
"இல்லை ஐயா, உது 'க'.
அந்தக் காலத்துக் 'க' இப்பிடித்தான்.
கண்ணனோ கடம்பனோ, ஆரோ ஒருத்தன்.
மிச்சப் பேர் உடைஞ்ச பக்கத்தோடை போட்டுது."

மண் சுமக்கும் யோகேசு சிரித்தான்:
"பானை வனைஞ்சவன் எண்ணிக்கைக்குக் கீறியிருப்பான்.
பால் கணக்குக்கு என்ரை மனிசியும்
சுவரிலை உப்பிடித்தான் கீறுறவள்."

அடுக்கின் வயதை
நான்தான் சொல்லவேண்டி வந்தது.
பெத்லகேமில் அந்தப் பிள்ளை அழுவதற்கு
இருநூறு வருடம் முந்தியது.
சிலுவை அப்போது
கள்ளனுக்கும் அடிமைக்கும் மட்டுமே தெரிந்த மரம்.

"அப்ப வேதத்துக்கு
மண்ணிலை ஒண்டும் கிடைக்கேல்லையோ?"

கிடைத்திருக்கிறது. தெரிந்ததைச் சொன்னேன்.
செசாரியாவில் ஒரு கல்லில் பிலாத்துவின் பெயர்;
அவன் கை கழுவிய தண்ணீர் இல்லை.
சீலோவாம் குளத்தின் படிகள்;
குருடனின் கண்ணில் பூசிய சேறு இல்லை.
எரிக்கோவில் மதில் விழுந்துதான் இருக்கிறது, பலமுறை;
எக்காளம் ஊதிய வருடம் எது என்பதில்
இன்னும் சண்டை பிடிக்கிறார்கள்.
கல் ஊரைச் சொல்லும், ஆளைச் சொல்லும்.
நடந்ததைச் சொல்லு என்றால்
கல்லாகிவிடும்.

அவர் கவிழ்த்த வாளியில் குந்தினார்.
"என்னட்டையும் கேட்டவங்கள்," என்றார்.
"தொண்ணூறிலை கொண்டுபோன தம்பிக்கு அத்தாட்சி.
சேர்ட் என்ன நிறம் எண்டு கேட்டவங்கள்.
சொத்தைப் பல்லு எத்தினை எண்டு கேட்டவங்கள்.
அவன் இருந்தவன் எண்டதுக்கு
பள்ளிக்கூட ரிப்போட் ஒண்டு குடுத்தன்.
கணக்கிலை முப்பத்தொண்டு."

யோகேசு மண்வெட்டிச் சேற்றைத் தட்டினான்,
சேறு போன பிறகும் தட்டினான்.

போன கிழமை செபக்கூட்டத்தில்
வாசகம் என்னுடையது.
யோபு சாம்பலில் உட்கார்ந்து
ஓடொன்றை எடுத்துத் தன் புண்ணைச் சுரண்டினான்.
எத்தனை தரம் வாசித்த வரி.
இந்த வேலைக்கு வந்த பிறகுதான்
அது என்ன ஓடு என்று நினைக்கிறேன்:
சட்டியா, சாடியா,
செத்த பிள்ளைகள் சாப்பிட்ட கோப்பையா?
வேதம் அதை எழுதவில்லை.
அந்த ஓடே என் வாளிக்கு வந்திருந்தாலும்
கழுவி, காயவைத்து,
'குறி இல்லை' என்றுதான் பதிந்திருப்பேன்.

மெல்லிய தாளை ஓட்டின்மேல் வைத்துப்
பென்சிலால் தேய்த்தேன்.
இரண்டு கோடும் வெள்ளையாய் எழுந்து வந்தன.
ஓடு அரசாங்கத்தினுடையது.
தாள் என்னுடையது, கொடுத்தேன்.
உபதேசியார் வெளிச்சத்தில் பிடித்தார், திருப்பிப் பிடித்தார்.
எந்தப் பக்கமும் அதே குறிதான்.
செபப்புத்தகத்துக்குள் வைப்பார் என்று பார்த்தேன்.
கரியரில் கிடந்த பொலித்தீன் பையை அவிழ்த்துத்
தம்பியின் கடதாசிகளுக்குள்
ரிப்போட்டின் பின்னால் வைத்தார்.

பதிவேட்டில் எழுதினேன்.
அடுக்கு நாலு. இலக்கம் இருநூற்றுப் பதினேழு.
குறி: உண்டு.
பொருள் என்ற கட்டம்
வெறுமையாய்க் கிடக்கட்டும்.
ஓரத்தில் இன்னொன்றும் எழுதினேன்:
மழை இருட்டுகிறது, கிடங்கு நிறையும்,
வெங்காயத் தோட்டத்துப் பம்பைக்
கேட்டு வைக்கவேண்டும்.